ஏவி வயரா, எச்டிஎம்ஐயா: டிவியில் கோடு விழுந்தால் எதை வைத்துக்கொள்வது?

ஒரே செட்டாப் பாக்சிலிருந்து ஹால் டிவிக்கு எச்டிஎம்ஐ, படுக்கையறை டிவிக்கு மஞ்சள் பின் உள்ள ஏவி வயர். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ஏவியை முழுக்கக் கழற்றிவிட்டேன். படத்தெளிவில் எச்டிஎம்ஐ மேல் என்பது தெரிந்த கதை. மஞ்சள் வயரில் 576 வரிக்கு மேல் வராது. நான் மாறியதற்குக் காரணம் வேறு: படத்தில் கோளாறு வந்தால் எதில் பிழை என்று கண்டுபிடிக்கும் பாடு.

ஏவியில் அடிக்கடி வருவது, திரையில் கீழிருந்து மேலோ மேலிருந்து கீழோ மெதுவாக நகரும் அகலமான மங்கல் பட்டை. பலரும் டிவி போய்விட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் டிவியில் ஒன்றும் இருக்காது. கேபிள் வயரின் வெளிக்கம்பி (நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் கம்பி வலை) தெருவில் எங்கோ எர்த் ஆகியிருக்கும். அதே பாக்சோடு மூன்று பின் பிளக் உள்ள ஆம்ப்ளிஃபையரையோ கம்ப்யூட்டரையோ இணைத்தால் வீட்டு எர்த்தும் வந்து சேர்கிறது. இரண்டு எர்த்துக்கும் சின்ன மின்னழுத்த வித்தியாசம் இருந்தால் போதும், வயரின் வெளிக்கம்பி வழியாக 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடத் தொடங்கும். ஏவி சிக்னல் மொத்தமே 1 வோல்ட். அது அந்த வெளிக்கம்பியை அளவுகோலாக வைத்துத்தான் படிக்கப்படுகிறது என்பதால் அளவுகோல் ஆடினால் படமும் ஆடும். பிக்சர் ஒரு நொடிக்கு 50 முறை வரையப்படுவதும் கிட்டத்தட்ட அதே வேகம் என்பதால்தான் பட்டை வேகமாக ஓடாமல் ஊர்கிறது.

சோதிப்பது சுலபம். பாக்சின் மெனுவைத் திரையில் வைத்துக்கொண்டு கேபிள்காரர் போட்ட வயரை மட்டும் கழற்றுங்கள். பட்டை மறைந்தால் குற்றவாளி அந்த எர்த்தான். எல்லாப் பெட்டிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்சில் சொருகிப் பார்க்கலாம். கேபிள் வயரில் ஐசொலேட்டர் (சிக்னலை விட்டு எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் சின்னக் கருவி) போடலாம். டிடிஎச் என்றால் ஐசொலேட்டர் வேண்டாம், டிஷ்ஷில் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பி என்ற தலைப்பகுதிக்கு அந்த வயர் வழியாகத்தான் மின்சாரம் போகிறது, ஐசொலேட்டர் அதையும் தடுத்துவிடும். எர்த் பின்னை உடைப்பது மட்டும் கூடவே கூடாது, அது உயிரோடு விளையாடுவது.

எச்டிஎம்ஐயிலும் எர்த் இணைப்பு உண்டு, அந்த மின்னோட்டமும் ஓடலாம். ஆனால் அதில் படத் தகவல் ஒவ்வொன்றும் ஒரு ஜோடிக் கம்பியில் போகிறது. டிவி படிப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. இரண்டிலும் ஒரே அளவில் ஏறும் தொல்லை தானாகக் கழிந்துபோகும். அதனால் ஊரும் பட்டை வராது. கெட்டால் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், அல்லது ஒரு நொடி கறுத்துத் திரும்பும், அல்லது சிக்னலே இல்லை என்று சொல்லும். பின்னை அழுத்திப் பாருங்கள். இல்லையென்றால் வயரை மாற்றுங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்தது. நான் போட்டிருப்பது குட்டை வயர்தான். சுவருக்குள் பதித்து நீளமாக இழுப்பவர்களுக்கும் இதே நிம்மதி கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

ஏவியில் இன்னும் இரண்டு உபாதைகள். ஒய் பின் போட்டு ஒரே மஞ்சள் பின்னிலிருந்து இரண்டு டிவிக்குப் பிரித்தால் சிக்னல் மூன்றில் இரண்டு பங்காகி இரண்டு திரையும் மங்கும். கோடு போட்ட சட்டைக்காரர் திரையில் வந்தால் வானவில் தெரிவது, கறுப்பு வெள்ளைத் தகவலும் வண்ணமும் ஒரே கம்பியில் போவதால். அதற்கு வயரை மாற்றிப் பயனில்லை.

சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பின் உள்ள கம்போனென்ட் வயர் இந்த வானவில்லைத் தீர்க்கும். அதை நான் அதிகம் புழங்கியதில்லை. ஆனால் ஒன்று உறுதியாகத் தெரியும்: பல டிவிகளில் மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஒரே துளைதான். ஏவி வயரை அதில் சொருகிவிட்டு ரிமோட்டில் கம்போனென்ட் என்று வைத்தால் படம் கறுப்பு வெள்ளையாக வரும். பழுது இல்லை, இன்புட்டை மாற்றினால் சரி.

பழைய டிவிடி பிளேயரோ டியூப் டிவியோ இருந்தால் ஏவி வேண்டியதுதான். அப்போதும் அந்தப் பெட்டியோடு அது தனியாக நிற்கட்டும். செட்டாப் பாக்சோடு சேர்க்காதீர்கள்.