நாய்க்குட்டிக்கு இரவில் தண்ணீர்: கிண்ணத்தை வைப்பதா, எடுப்பதா?

புதிதாக நாய்க்குட்டி வந்த வீட்டில் முதல் வாரத்திலேயே ஒரு விவாதம் தொடங்கிவிடுகிறது. இரவு முழுவதும் அதன் பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம் இருக்க வேண்டும், வாயில்லா ஜீவனைத் தாகத்தோடு படுக்கவைப்பது பாவம் என்பது ஒரு தரப்பு. கிண்ணம் இருக்கும்வரை படுக்கை நனைவது நிற்காது, ஆகவே மாலையிலேயே எடுத்துவிட வேண்டும் என்பது மறுதரப்பு. இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எது சரி என்பது குட்டியின் வயது, உடல்நிலை, அது தின்னும் உணவு, படுக்கும் இடத்தின் வெப்பம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும் என்பதால், இவற்றைப் பாராமல் ஒரே விதியாகச் சொல்லப்படும் எந்தப் பதிலையும் நான் ஏற்கத் தயங்குகிறேன்.

முதலில் உடலின் கணக்கைப் பார்த்துவிடலாம். குட்டியின் வயதை மாதக் கணக்கில் எடுத்துக்கொண்டு அதனோடு ஒன்றைக் கூட்டினால், பகலில் அது சிறுநீரை அடக்கக்கூடிய மணி நேரம் ஏறத்தாழ கிடைக்கும் என்று பயிற்சியாளர்கள் சொல்வது வழக்கம். அதன்படி 2 மாதக் குட்டிக்கு 3 மணி நேரம், 4 மாதக் குட்டிக்கு 5 மணி நேரம். உறக்கத்தில் உடல் சுரக்கும் சிறுநீரின் அளவு குறைவதால் இரவில் இதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவே. அதாவது, கிண்ணத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் 2 மாதக் குட்டியால் எட்டு மணி நேரம் தாங்க முடியாது. படுக்கை நனைவதற்கான பழியைக் கிண்ணத்தின் மேல் மட்டும் போடுபவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

தாகத்தின் கணக்கு வேறு. நலமாக உள்ள வளர்ந்த நாய் ஒன்றுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 முதல் 60 மில்லிலிட்டர் நீர் தேவைப்படுகிறது. வளரும் குட்டிக்கு எடையை வைத்துப் பார்த்தால் இதைவிட அதிகமாகவே வேண்டும். இந்த நீர் முழுவதும் கிண்ணத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. ஈர உணவில் முக்கால் பங்கு நீர்தான் இருக்கிறது; உலர் உணவிலோ பத்தில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். எனவே உலர் உணவை இரவில் தாமதமாகத் தின்றுவிட்டுப் படுக்கும் குட்டியிடமிருந்து கிண்ணத்தையும் எடுத்துவிடுவது, தாகத்தைத் தூண்டிவிட்டுத் தண்ணீரை மறுப்பதாகும்.

கிண்ணத்தை இரவெல்லாம் வைப்பதன் முதல் நன்மை, உடலில் நீர் குறையும் ஆபத்து இல்லாமல் போவது. நாய்களுக்கு உள்ளங்கால்களில் மட்டுமே ஓரளவு வியர்க்கும் என்பதால், உடல் வெப்பத்தை அவை பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் வெளியேற்றுகின்றன. அப்படி இரைக்கும்போதெல்லாம் நாக்கிலிருந்தும் மூச்சுப் பாதையிலிருந்தும் ஈரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். புழுக்கமான அறையில் படுக்கும் குட்டிக்கு, அதிலும் பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு, இது சிறிய இழப்பு அல்ல. இரண்டாவது நன்மை மனம் சார்ந்தது: தண்ணீர் எப்போதும் கிடைக்கும் என்று அறிந்த குட்டி அளவாகக் குடிக்கிறது. இரவெல்லாம் தாகத்தோடு கிடந்த குட்டியோ காலையில் கிண்ணத்தைக் கண்டதும் மடமடவென்று குடித்து, சில வேளை அதை அப்படியே வாந்தியெடுத்தும் விடுகிறது.

குறைகளும் உண்டு. குட்டிகள் தாகத்துக்காக மட்டும் குடிப்பதில்லை. விழித்துக்கொண்டு வேறு வேலை இல்லாதபோது கிண்ணமே விளையாட்டுப் பொருளாகிவிடும். நாய் தண்ணீர் குடிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால், நாக்கின் நுனியைப் பின்புறமாக மடக்கி நீரில் அடித்து மேலே இழுப்பதும், எழும் நீரில் ஒரு பகுதி வாய்க்குள் போக மீதி சுற்றிலும் தெறிப்பதும் தெரியும். பழகாத குட்டி முன்னங்கால்களையும் உள்ளே விட்டுவிடும். கூண்டுக்குள் வைத்த கிண்ணம் இப்படிக் கவிழ்ந்து விரிப்பு நனைந்திருக்க, காலையில் அதைச் சிறுநீர் என்று எண்ணிக் குட்டியைக் கடிந்துகொள்பவர்கள் பலர். ஒரு வெள்ளைத் தாளை ஈரத்தின் மேல் அழுத்தி நிறத்தையும் வாடையையும் பார்த்தாலே பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும்.

எது நனைத்திருந்தாலும் ஈரப் படுக்கையில் தொடர்ந்து உறங்கவிடுவது கெடுதல்தான். உறங்கும் இடத்தை அசுத்தப்படுத்தக் கூடாது என்ற உணர்வு குட்டிகளுக்கு இயல்பிலேயே உண்டு. கழிப்பிடப் பயிற்சியின் அடித்தளம் அதுதான். நனைந்த விரிப்பே பழகிப்போன குட்டியிடம் அந்த உணர்வு மழுங்கிவிடும், பிறகு அதை மீட்பது கடினம்.

கிண்ணத்தை எடுத்துவிடும் முறையின் பலம் இங்கேதான் இருக்கிறது. படுப்பதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பு கிண்ணத்தை எடுத்துவிட்டு, விளக்கை அணைக்குமுன் வெளியே அழைத்துச் சென்று சிறுநீர் கழிக்கவைத்தால், முன்னிரவு உறக்கம் நீளும். இந்த முறையைக் கொடுமை என்று நான் சொல்லமாட்டேன். பகல் முழுவதும் தாராளமாகக் குடித்த, நலமான குட்டி, உறங்கும் சில மணி நேரம் தண்ணீரின்றி இருப்பதால் அதற்குத் தீங்கு நேராது. ஆனால் பலர் இதையே நீட்டித்து, மாலை ஐந்து மணிக்கே எடுத்துவிடுவதும், பகலிலும் அளந்து அளந்து கொடுப்பதும்தான் தவறு. சிறுநீரைக் குறைப்பதற்காகப் பகல் தண்ணீரில் ஒருபோதும் கைவைக்கக் கூடாது.

இவ்விரண்டுக்கும் நடுவே சில வழிகள் சொல்லப்படுகின்றன. கூண்டின் கம்பியில் மாட்டும், முனையில் உருளும் சிறு குண்டு கொண்ட புட்டியிலிருந்து நீர் சிறிது சிறிதாகவே வரும், கொட்டாது. ஆனால் முனையை நக்கிக் குடிக்கக் குட்டி பழக வேண்டும், முனை அடைத்துக்கொண்டதா என்று நாள்தோறும் பார்க்கவும் வேண்டும். ஒன்றிரண்டு பனிக்கட்டிகளை வைப்பது நாக்கை நனைக்க உதவும், தாகம் தீர்க்கும் தண்ணீருக்கு ஈடாகாது.

நான் பரிந்துரைப்பது, கிண்ணத்தை எடுப்பதோடு நள்ளிரவில் ஒருமுறை எழுந்திருப்பதையும் சேர்த்த முறை. மாலை ஆறு மணிக்கு உணவு, எட்டரைக்குக் கிண்ணம் எடுப்பு, பத்தரைக்கு வெளியே ஒரு நடை, ஒன்றரை மணி அளவில் இன்னொரு முறை வெளியே, விடியற்காலையில் மீண்டும் ஒருமுறை. நள்ளிரவில் வெளியே போய்த் திரும்பியதும் சில வாய் தண்ணீர் கொடுக்கலாம். அப்போது பேச்சு, கொஞ்சல், விளையாட்டு எதுவும் வேண்டாம், பெரிய விளக்கும் வேண்டாம். அது விளையாடும் நேரம் என்று குட்டி எண்ணிவிட்டால் அதன்பின் யாருக்கும் உறக்கமில்லை. வளர்ப்பவருக்கு இது சிரமம்தான், ஆனால் அந்தச் சிரமத்தைக் குட்டியின் தாகத்தின் மேல் ஏற்றிவிடுவது நியாயமாகாது. வயது கூடக் கூட இந்த நள்ளிரவு நடையைச் சிறிது சிறிதாகத் தள்ளிப்போட்டு, விடியற்காலை நடையோடு சேர்த்துவிடலாம்.

சில குட்டிகளுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. அவற்றுக்குத் தண்ணீர் எந்நேரமும் இருந்தாக வேண்டும். எட்டு வாரத்துக்கும் குறைந்த வயதுடையவை, வாந்தியோ வயிற்றுப்போக்கோ உள்ளவை, சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ உள்ளவை, பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தையோ சிறுநீரை மிகுவிக்கும் மருந்தையோ உட்கொள்பவை எல்லாம் இதில் அடங்கும். கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோய் கண்ட குட்டியின் உடல் மிக விரைவில் நீரை இழந்துவிடும் என்பதால், அங்கே வீட்டுக் கிண்ணத்தை நம்பி விடியும்வரை காத்திருப்பதும் ஆபத்து. உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். வெப்பம் மிகுந்த இரவில், நலமான குட்டிக்கும் கிண்ணத்தை எடுக்காமல் விடுவதே நல்லது. படுக்கை நனைந்தால் துவைத்துக்கொள்ளலாம்.

எந்த முறையைக் கையாண்டாலும் காலையில் பல் ஈறுகளைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். உதட்டை மெல்ல உயர்த்தி ஈற்றைத் தொட்டால் வழவழவென்று ஈரமாக இருக்க வேண்டும். விரலில் ஒட்டினால் நீர் குறைந்திருக்கிறது. ஈற்றை அழுத்தி எடுத்ததும் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். தோலைப் பிடித்து இழுத்துப் பார்க்கும் சோதனை குட்டிகளில் அவ்வளவு நம்பகமானது அல்ல.

பெரும்பாலான குட்டிகள் 4 முதல் 6 மாதத்துக்குள் இரவு முழுவதும் அடக்கப் பழகிவிடும். மிகச் சிறிய இனங்களுக்குக் கூடுதல் காலம் ஆகலாம். சில வாரங்கள் தொடர்ந்து படுக்கை உலர்ந்தே இருந்தால் கிண்ணத்தைத் திரும்ப வைத்துவிடலாம், அதன்பின் எடுக்கத் தேவையில்லை. அந்த வயதைத் தாண்டியும் இரவில் நனைத்தாலோ, கிண்ணத்தைக் கண்ட நேரமெல்லாம் காலி செய்தாலோ, அடிக்கடி முக்கிச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழித்தாலோ, அது பயிற்சிக் குறைபாடாக இல்லாமல் சிறுநீர்ப் பாதைத் தொற்றாகவோ வேறு நோயாகவோ இருக்கக்கூடும். அப்போது கிண்ணத்தை எடுத்து வைக்காமல், காலையில் அளந்து ஊற்றி, இடையில் சேர்ப்பதையும் குறித்து, மறுநாள் காலை மிச்சத்தை அளந்து, ஒரு நாளில் எவ்வளவு குடிக்கிறது என்ற கணக்கை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வளர்ந்த நாய் கிலோவுக்கு 100 மில்லிலிட்டரைத் தாண்டிக் குடித்தால் அது மிகையான தாகம் என்று மருத்துவத்தில் கொள்ளப்படுகிறது. குட்டிக்கு அதன் வயதையும் உணவையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவு சொல்வார்.