படப்பெட்டி வாங்கினால் பிள்ளை பேசுமா?

ஹட்டன் புத்தகக் கடைகளில் இப்போது மஞ்சள் நிறத்தில் ஒரு படப்பெட்டி விற்கிறார்கள். விலை 1,850 ரூபா. உள்ளே உள்ளங்கை அளவில் 72 அட்டைகள், அவற்றோடு விரித்துப் பார்க்கிற பெரிய காட்சிப் படங்கள் 6. அட்டைக்கு முன்னால் படம், பின்னால் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெயர். நான் கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். வீட்டில் எனக்கும் இரண்டரை வயதில் ஒரு மகள் இருக்கிறாள். பிள்ளையைக் கொண்டுவந்து விடும் அம்மாமார் "டீச்சர், அதை வாங்கினா பிள்ளை நல்லா பேசுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மலையில் ஒரு நாள் முழுக்கக் கொழுந்து எடுத்த சம்பளம் அப்படியே போகிற விலை இது. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் பெட்டியின் நல்லது. படங்கள் தெளிவாக இருக்கின்றன. மாடு மாடாகத் தெரிகிறது, கார்ட்டூன் கண் வைத்துக் கெடுக்கவில்லை. எழுத்து பெரியது, தமிழில் எழுத்துப் பிழை ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அட்டை தடிப்பானது, மூலையை வளைத்து வெட்டியிருக்கிறார்கள், கையைக் கீறாது. பெட்டியில் ஒரு வயதிலிருந்து ஆறு வயது வரை என்று போட்டிருக்கிறது. ஒரு வயதுப் பிள்ளை அதை வாயில்தான் வைக்கும். ஆறு வயதுக்காரனுக்கு அலுத்துவிடும். இரண்டிலிருந்து நாலு வயதுக்குள் என்றால் சரி.

இனிக் குறை. 72 அட்டையில் 64 வெறும் பொருள்களின் பெயர். ஆப்பிள், பந்து, கதிரை, சிங்கம். ஓடு, குடி, தூக்கு, விழு மாதிரி செயல்களைக் காட்டுவது எட்டே எட்டு அட்டைகள். மேலே, கீழே, உள்ளே, பக்கத்தில் என்பதற்கு ஒன்றுகூட இல்லை. ஈரம், சூடு, கனம் என்பதற்கும் இல்லை. பிள்ளைக்குப் பெயர்ச்சொல் மட்டும் நூறு தெரிந்து என்ன செய்வது? வசனம் கட்ட வினை வேண்டும். "பந்து" என்று சொல்கிற பிள்ளை "பந்து உருளுது", "பந்து கீழ போயிருச்சு" என்று போவதுதான் வளர்ச்சி. அந்த இடத்தில் இந்தப் பெட்டி கையை விரிக்கிறது. பனிக்கரடி இருக்கிறது, கொழுந்துக் கூடை இல்லை. ஒட்டகம் இருக்கிறது, கோச்சி இல்லை. கொட்டகலையில் வளர்கிற பிள்ளைக்கு ரயில் சத்தம் கேட்காத நாள் உண்டா?

அடுத்தது, உள்ளே வைத்திருக்கும் வழிகாட்டித் தாள். தினமும் ஐந்து அட்டையைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டுச் சொல்லவைக்கச் சொல்கிறது. இதை நான் ஏற்கவே மாட்டேன். பேச வேண்டிய நேரத்தைப் பரீட்சையாக்கும் வேலை அது. இரண்டாவது அட்டையிலேயே பிள்ளை எழுந்து போய்விடும், இல்லாவிட்டால் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும். பிள்ளை எந்தப் படத்தைப் பார்க்கிறதோ அதைப் பற்றி நீங்கள் பேசுங்கள். அது ஒரு சொல் சொன்னால் அதில் இன்னும் ஒன்றிரண்டு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். அப்புறம் காத்திருங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணினால் போதும். பெரியவர்கள் அந்த இடைவெளியைத் தாங்காமல் தாங்களே பதிலும் சொல்லிவிடுகிறார்கள். சின்னப் பிள்ளைக்குச் சொல்லைத் தேடி எடுக்க அவ்வளவு நேரம் பிடிக்கும்.

பெட்டியில் உயிரான சாமான் அந்த ஆறு காட்சிப் படங்கள்தான். சந்தை, குசினி, பஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மழை. மழைப் படத்தில் ஒரு தாத்தா குடை பிடித்துப் போகிறார், ஒரு நாய் திண்ணைக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கிறது, ஒரு பெண் பிள்ளை வெறுங்காலோடு நின்று அழுகிறாள், தூரத்தில் ஓடுகிற தண்ணீரில் ஒரு செருப்பு. இதை என் மாமியார் மகளோடு பார்க்கிற அழகைப் பார்க்க வேண்டும். வேலை விட்டு வந்து, கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்த்து வைத்து, தேத்தண்ணியோடு வீட்டு முன் இஸ்தோப்பில் உட்காருவார். அவருக்கு எழுத்து வாசிக்க வராது. அந்தப் படத்துக்கு அது தேவையும் இல்லை.

"அப்பாயி, அக்கா அழுவுறா."

"ஆமா, அழுவுறா. ஏன் அழுவுறா?"

மகள் பேசவில்லை. மாமியார் அவசரப்படாமல் ஒரு மிடறு குடித்தார். பிறகு குட்டி விரல் செருப்பில் போய் நின்றது.

"செருப்பு... போச்சு."

"அடடா, செருப்பு தண்ணியில போயிருச்சா?"

"தண்ணியில போயிருச்சு. கால் நனஞ்சிருச்சு."

அந்த "நனஞ்சிருச்சு" பெட்டியின் எந்த அட்டையிலும் கிடையாது. பீலித் தண்ணியில் குளிக்கும்போதும், காயப்போட்ட துணியை மழைக்கு ஓடி எடுக்கும்போதும் கேட்ட சொல். படம் அதை வெளியே வரவைத்தது. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கக் கேட்டாலும் சலிக்காமல் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

உச்சரிப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். "மரம்" என்பதை "மயம்" என்று மூன்று வயதில் சொன்னால் பயப்பட ஒன்றுமில்லை. ர, ழ எல்லாம் பிந்தித்தான் வரும். "அப்படி இல்ல, திருப்பிச் சொல்லு" என்று நிறுத்தாமல், "ஆமா, பெரிய மரம்" என்று சரியாகச் சொல்லிக்கொண்டு மேலே போகலாம்.

மூன்று மொழியில் பெயர் போட்டிருப்பதால்தான் பலர் இந்தப் பெட்டியை எடுக்கிறார்கள். இரண்டு மொழி கேட்டால் பிள்ளை குழம்பிப் பேச்சு பிந்தும் என்பது சரியில்லை. நம் பிள்ளைகள் கடையில், பஸ்ஸில் சிங்களம் கேட்டுத்தான் வளர்கிறார்கள், இரண்டையும் கலந்து பேசுவதும் சாதாரணம். ஆனால் தமிழில் மனம் விட்டுப் பேசுகிற அம்மா, தனக்கே பழக்கமில்லாத ஆங்கிலத்தில் ஆப்பிள், ஆரஞ்ச் என்று ஒற்றைச் சொல்லாகக் கற்பிப்பதால் பிள்ளைக்கு நஷ்டம். உங்களுக்கு எந்த மொழியில் கோபமும் கொஞ்சலும் கதையும் தானாக வருகிறதோ அதிலேயே நிறையப் பேசுங்கள். அதில் உறுதியாகக் கால் ஊன்றிய பிள்ளைக்கு அடுத்த மொழி பிடிபடும்.

போனோடு ஒப்பிட்டால்? தயக்கமில்லாமல் பெட்டிதான். போனில் பாட்டு ஓடும், ஆனால் பிள்ளை சொன்னதைக் கேட்டு அதற்குப் பதில் சொல்லாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதும் இதுதான்: ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது.

ஒரு விஷயத்தைப் பெட்டியை நம்பித் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு வயது தாண்டியும் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லை, பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, முன்பு சொன்ன சொற்களை இப்போது சொல்வதில்லை என்றால் மிட்வைப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். பிள்ளை பிறந்ததும் தந்த சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போங்கள், எந்த வயதில் என்ன பேச வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. காது கேட்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசுனாரு" என்று வீட்டில் சொல்வார்கள். அதைக் கேட்டு ஒரு வருஷம் போக்கிவிடாதீர்கள்.

நம் ஊர்க் குளிருக்கு இன்னொன்று. அட்டை மேலே உள்ள பளபளப்புத் தாள் ஈரத்தில் ஓரமாக உரிகிறது. மே, ஜூனில் பனிமூட்டமும் மழையும் பிடித்தால் அட்டை வளைந்தே போகிறது. பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, மூடி இறுக்கமான பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். இல்லாத படங்களுக்கு நான் பழைய கலண்டர் அட்டையை வெட்டி, கோச்சி, கொழுந்துக் கூடை, பீலி, அடுப்பு, கோயில் தப்பு மேளம் என்று மகளோடு உட்கார்ந்து வரைந்து சேர்த்திருக்கிறேன். கோடு கோணலாக இருந்தாலும் அவள் முதலில் எடுப்பது கோச்சியைத்தான். எடுத்ததும் யார் ஏறினார்கள், எங்கே போகிறார்கள் என்று பேச்சு ஆரம்பமாகிவிடும்.

நான் வாங்கிய கடையில் காட்சிப் படங்களைத் தனியாகவும் கொடுக்கிறார்கள், ஆறும் சேர்த்து 600 ரூபா. வெளியே வைத்திருக்க மாட்டார்கள், கேட்டால் உள்ளேயிருந்து எடுத்துத் தருவார்கள். கையில் காசு தாராளமாக இருந்தால் முழுப் பெட்டியை எடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஆறு போதும். அதிலும் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மழைப் படத்தைக் கேளுங்கள்.