கூகுள் போட்டோஸா, சொந்த சர்வரில் இம்மிச்சா?

படங்களைச் சேமித்து வைக்க, வசதி என்று பார்த்தால் கூகுள் போட்டோஸ்தான். நிறுவ வேண்டாம், பராமரிக்க வேண்டாம். ஆனால் வரம்பில்லாத இலவசச் சேமிப்பை 2021 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். மெயில், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். பழக்கிவிட்டு அப்புறம் காசு கேட்பது பெரிய நிறுவனங்களுக்குக் கைவந்த கலை.

இம்மிச் அதே வேலையை நம் சொந்தக் கணினியில் செய்யும் திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள். மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிபோல் ஓட்டும் டாக்கர் என்ற கருவியில் ஓடும். முகம் பார்த்துப் படங்களைப் பிரிக்கும் வேலைகூட நம் கணினியிலேயே நடக்கிறது. குழந்தையின் முகம் வெளியே போவதில்லை. எனக்கு அது ஒன்றே போதும். சரி, தலைவலியும் நம்முடையதுதான். படக் கோப்புகளை மட்டும் பேக்கப் எடுத்தால் பத்தாது. ஆல்பங்கள், ஆட்களின் பெயர்கள் எல்லாம் போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளத்தில் இருக்கின்றன. அதையும் எடுத்து வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் கூகுளிலேயே இருக்கலாம்.