மிச்ச சோப்புத் துண்டுகள்: ஹேண்ட்வாஷாக வேண்டாம், பேஸ்ட்டாகப் போதும்

தேய்ந்து மெலிந்து கையில் நிற்காத குளியல் சோப்புத் துண்டுகளைச் சேர்த்து, உருக்கி, வீட்டு வேலைக்குப் பயன்படுத்துவதை இரண்டு வருடத்துக்கு மேலாகச் செய்து வருகிறேன். யூடியூபில் காட்டுகிற மாதிரி பம்ப் பாட்டிலில் ஊற்றி ஹேண்ட்வாஷ் ஆக்கலாம் என்று ஆசைப்படுபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது சரிப்படாது. கட்டி சோப்பு என்பது சோடியம் சோப்பு. கொதிநீரில் கரைந்தாலும் ஆறியதும் கொழகொழவென்று இறுகி, பம்பில் ஏறாது, ஏறினாலும் மூக்குச்சளி மாதிரி நூலாக இழுக்கும். திரவ சோப்பு செய்ய பொட்டாசியம் சோப்பு வேண்டும். கடை ஹேண்ட்வாஷ் பலவற்றில் சோப்பே கிடையாது என்பது வேறு கதை.

அதனால் நான் செய்வது பேஸ்ட்தான். காய் துருவியில் துருவி, ஒரு பங்குக்கு மூன்று பங்கு சுடுதண்ணீர் ஊற்றி, ராத்திரி முழுக்க மூடி வைத்தால் காலையில் தயார். எந்த சோப்பு என்பது முக்கியம். உறையில் டிஎஃப்எம் என்று போட்டிருப்பார்கள், கொழுப்பு அளவு அது. முதல் தரத்துக்கு 76 சதவீதமாவது இருக்க வேண்டும். மைசூர் சாண்டலில் 80. அந்த மாதிரி சோப்பு நன்றாக இறுகும். 'பாத்திங் பார்' என்று எழுதியிருக்கும் துண்டுகளைத் தனியாக வைத்துவிடுங்கள், அவை நீர்த்துப்போய் அடியில் மாவு மாதிரி தங்குகின்றன.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர், உப்பு அதிகம். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திரியாக மிதக்கும், நுரையே வராது. ஒரு ஸ்பூன் வாஷிங் சோடா போட்டால் இது நிறையவே குறைகிறது (ஆப்ப சோடா அவ்வளவு வேலை செய்யாது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம், கையில் எரிச்சல் வந்தால் கையுறை போடுங்கள்). வினிகர், எலுமிச்சை எதுவும் சேர்க்காதீர்கள், அமிலம் பட்டால் சோப்பு உடைந்து கொழுப்பாகத் திரிந்துவிடும். எத்தனை வீடியோவில் இதைத்தான் 'ரகசியப் பொருள்' என்கிறார்கள்!

சட்டைக் காலர், சாக்ஸ், அடுப்படித் துணி மூன்றுக்கும் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. தேய்த்து அரைமணி நேரம் ஊறவைத்தால் போதும். டைல்ஸ் தரைக்கு வேண்டாம், படலம் படிந்து வழுக்குகிறது. பாத்திரத்துக்கும் வேண்டாம், சோப்பு வாசனை போகாது. வாஷிங் மெஷினில் போடவே கூடாது. தண்ணீர் சேர்த்தது என்பதால் அதிக நாள் வைத்தால் வாடை வரும், சின்ன டப்பா அளவுக்கு மேல் செய்வதில்லை, மிச்சத் துண்டுகள் காய்ந்தபடியே கிடக்கும்.