வேண்டாத அதிர்ஷ்டம்: தாயத்தா, நாக்கு மச்சமா?

பினாங்கில் நடக்கும் ஒரு நகைச்சுவை மாயக்கதை. படிவம் நான்கு படிக்கும் பதினாறு வயசுப் பையனுக்கு வேண்டாத அதிர்ஷ்டம் ஒட்டிக்கொள்கிறது. எப்படி ஒட்டியது என்பதற்கு இரண்டு வழி.

தாயத்து எழுதச் சுலபம். லிட்டில் இந்தியாவில் பூ வாங்கப் போன இடத்தில் கிடைத்தது என்று ஒரே வரியில் ஆரம்பித்துவிடலாம். ஆனால் கழற்றி எறிந்தால் என்ன என்று வாசகர் மூன்றாம் பக்கத்திலேயே கேட்பார். எறிந்தாலும் திரும்பி வரும் என்பது எழுதி எழுதிச் சலித்த சமாளிப்பு.

நாக்கில் மச்சம் இருந்தால் சொன்னது பலிக்கும் என்பார்கள். அதைக் கழற்ற முடியாது, தொல்லையும் வீட்டிலிருந்தே தொடங்கும். விபத்தில் சிக்கிய காரின் நம்பர் பிளேட்டைப் பார்த்து நாலு நம்பர் (நான்கு இலக்க லாட்டரி) எடுக்கிறவர்கள் இருக்கும் ஊர் இது. அப்படி ஒரு மாமா சும்மா இருப்பாரா? "தம்பி, சும்மா ஒரு நம்பர் சொல்லுடா" என்று ரொட்டி சானாய் கடையிலேயே ஆரம்பிப்பார். பையன் கடுப்பில் கணக்குப் புத்தகத்தின் பக்க எண் 147 என்கிறான். மாமா முன்னால் ஒரு பூஜ்யம் போட்டு எடுக்கிறார். விழுந்துவிடுகிறது! அப்புறம் வாசலில் செருப்புக் குவியல். அம்மா தே தாரிக் ஆற்றியே ஓய்ந்துபோகிறார். பையனோ நாலு நம்பர் கடைக்குள் கால் வைக்கும் வயசுகூட இல்லாதவன்.

வில்லன், துரத்தல் எல்லாம் வேண்டுமென்றால் தாயத்து சரி. சிரிப்புக்கு என் ஓட்டு மச்சத்துக்குத்தான்.