படைப்புக்குள் எழுத்தா, படைப்புக்குப் பக்கத்தில் எழுத்தா?

கருத்துருவ நிறுவல் கலைஞர், அதாவது ஒரு கருத்தை முன்வைத்து ஓர் இடத்தில் பொருள்களை அமைத்துக் காட்டுபவர், எழுத்தாளராகவும் இருந்தால், அந்த எழுத்தை எங்கே வைப்பது? இரண்டு வழிகளைப் பார்க்கலாம்.

அமெரிக்கக் கலைஞர் ஜென்னி ஹோல்சர் எழுத்தையே படைப்பாக்கினார். 1970களின் இறுதியில் நியூயார்க் தெருச் சுவர்களில் ஒற்றை வரி வாசகங்களைச் சுவரொட்டியாக ஒட்டினார். 1982இல் அவை டைம்ஸ் சதுக்கத்தின் மின்விளக்குப் பலகையில் ஓடின. எழுதியவர் யார் என்று தெரியாமலே வழிப்போக்கர் படித்துவிட்டுப் போகலாம். ஆனால் நடக்கிற வேகத்தில் படிக்க வேண்டிய வரியில் எவ்வளவுதான் சொல்ல முடியும்? பிற்காலத்தில் அவர் மற்றவர்களின் எழுத்துகளையே பெரும்பாலும் பயன்படுத்தினார்.

இன்னோர் அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் ஸ்மித்சன் வேறு மாதிரி. 1970இல் அமெரிக்காவின் யூட்டாவில், கிரேட் சால்ட் ஏரிக்குள் கருங்கல்லும் மண்ணும் கொட்டி, சுமார் 460 மீட்டர் நீளச் சுருள் பாதை ஒன்றைப் போட்டார். அதைப் பற்றித் திரைப்படம் எடுத்தார், கட்டுரையும் எழுதினார். 1973இல், 35 வயதில், விமான விபத்தில் இறந்துபோனார். அதற்கு முன்பே ஏரி நீர் ஏறிப் பாதையை மூடத் தொடங்கியிருந்தது. அப்புறம் கிட்டத்தட்ட 30 ஆண்டுகள் பெரும்பாலும் அது தண்ணீருக்கடியில்தான். அவ்வளவு காலமும் உலகம் அதை அறிந்தது புகைப்படம், திரைப்படம், கட்டுரை வழியாகத்தான்!

நிறுவலைக் கண்காட்சி முடிந்ததும் கழற்றிவிடுவார்கள்; பக்கத்தில் எழுதிய எழுத்துதான் மிஞ்சும். அதனால் என் ஓட்டு ஸ்மித்சனுக்கு. ஒரே ஒரு பயம்: கட்டுரை நன்றாக அமைந்துவிட்டால், ஏரிவரை போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றாது.