மொத்தமா வித்தவங்க மாசக் கட்டணத்துக்கு மாறின நாலு வழி: டர்பன்ல உக்காந்து ஒரு அலசல்

பெட்டில டிஸ்க் போட்டு வித்துட்டு இருந்த சாஃப்ட்வேர் கம்பெனிங்க எல்லாம் இப்ப மாசாமாசம் பாங்க்ல இருந்து தானா காச எடுத்துக்கற (டெபிட் ஆர்டர்) கம்பெனியா ஆயிடுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா எல்லாரும் ஒரே மாதிரி மாறல. போட்டோஷாப் விக்கற அடோபி ஒரே வெட்டா வெட்டுச்சு, ஆட்டோகேட் விக்கற ஆட்டோடெஸ்க் கொஞ்சம் கொஞ்சமா கழுத்த நெரிச்சுது, மைக்ரோசாஃப்ட் ரெண்டு கவுண்டரையும் தொறந்தே வெச்சிருக்கு, பெரிய கம்பெனிங்களோட நிர்வாக சாஃப்ட்வேர் விக்கற எஸ்ஏபி தேதி குறிச்சு வெச்சுட்டு காத்துக்கிட்டு இருக்கு. நான் இங்க தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல சின்னச் சின்ன ஆபீஸுங்களுக்கு லைசன்ஸ் ரின்யூவல் பாத்துக் குடுக்கற வேலைல இருக்கேன், பிரிண்டிங் பிரஸ், வீட்டு பிளான் வரையற ஆபீஸ், கணக்கு எழுதறவங்க இப்படி. அதனால கம்பெனி பக்கம் லாபம் எவ்வளவுங்கறத விட ஒரே ஒரு கேள்விய வெச்சுத்தான் நாலு பேரையும் எடை போடப் போறேன்: காசு கட்டறத நிறுத்திட்டா அடுத்த மாசம் நம்ம கையில என்ன மிஞ்சும்?

முதல்ல அவங்க ஏன் மாறினாங்கங்கறத ஒரு கணக்கா பாத்துடலாம், இல்லன்னா மத்தது புரியாது. அடோபியோட டிசைன் சாஃப்ட்வேர் எல்லாம் சேந்த கிரியேட்டிவ் சூட்டுல (சுருக்கமா சிஎஸ்) சிஎஸ்6 மாஸ்டர் கலெக்ஷன் 2012-ல 2,599 டாலர். கிரியேட்டிவ் கிளவுட்ங்கற சந்தா வந்தப்ப மாசம் 49.99 டாலர், வருஷத்துக்கு சுமார் 600. அதாவது ஒரே நாள்ல கைக்கு வந்த காசு இப்ப நாலு வருஷத்துக்கு மேல துளித்துளியா வரும். நடுவுல சர்வர் செலவு, சப்போர்ட் செலவு எல்லாம் ஏறும். வருமானக் கோடு கீழ வளைஞ்சு செலவுக் கோடு மேல வளைஞ்சு அப்புறம் ரெண்டும் ஒண்ண ஒண்ணு வெட்டிட்டுப் போறதால அந்தப் படம் மீன் மாதிரி தெரியும், இந்தத் தொழில்ல இருக்கறவங்க இத மீன முழுங்கறதுன்னே சொல்வாங்க. முழுங்கற வரைக்கும் ஷேர் வச்சிருக்கறவன் பொறுமையா இருக்கணும், அதான் பெரிய சிக்கலே. ஆனா முழுங்கிட்டா, அதுக்கப்புறம் புது வெர்ஷன் நல்லா இருக்கோ இல்லையோ காசு வந்துட்டே இருக்கும். முன்னாடி சிஎஸ்5 வெச்சிருந்தவன் சிஎஸ்6 வாங்காமயே ஓட்டிட்டான், அந்த வழிய அடைக்கணும்னுதான் இவ்வளவும்.

அடோபி 2013 மே மாசம் சொல்லிடுச்சு, இனிமே கிரியேட்டிவ் சூட்ல புதுசு எதுவும் வராது, வேணும்னா சந்தாதான்னு. ஆன்லைன்ல ஆயிரக்கணக்குல கையெழுத்து வாங்கி மனு எல்லாம் குடுத்தாங்க, அசையல. 2012-ல 440 கோடி டாலரா இருந்த வருமானம் 2013-ல 406 கோடியா எறங்குச்சு, லாபம் 83 கோடில இருந்து 29 கோடிக்கு விழுந்துச்சு. வேற கம்பெனியா இருந்தா ஷேர் படுத்திருக்கும், அடோபிக்கு ஏறுச்சு, ஏன்னா எத்தன சந்தா சேந்துச்சுன்னு முன்கூட்டியே வேற ஒரு கணக்க அவங்க வெளிப்படையா காட்டிட்டே வந்தாங்க. 2015-ல வருமானம் 480 கோடி. கம்பெனி பக்கம் நின்னு பாத்தா நாலுல இதுதான் ரொம்ப சுத்தமான வேலை, சந்தேகமே இல்ல.

நம்ம பக்கம்? காசு நிறுத்தினா சாஃப்ட்வேர் நின்னுடும், ஃபைல் நம்மகிட்ட இருக்கும், தொறக்க ஆள் இருக்காது. இதுல கிளவுட்ங்கறது பேருக்குத்தான், போட்டோஷாப் இன்னமும் நம்ம கம்ப்யூட்டர்லதான் ஓடுது, லைசன்ஸ் இருக்கான்னு அப்பப்ப எட்டிப் பாக்கும், வருஷ பிளான்ல 99 நாள் வரைக்கும் நெட் இல்லாம தாங்கும். வருஷ பிளான மாசாமாசம் கட்டறவங்க நடுவுல விட்டா மிச்ச மாசத்துல பாதிக் காச கட்டணும்ங்கற விஷயத்த ஒழுங்கா சொல்லலன்னு 2024 ஜூன்ல அமெரிக்க அரசாங்கமே கேஸ் போட்டுச்சு.

இன்னொண்ணு இருக்கு, அத யாரும் பேசறதில்ல. சந்தால இருந்தா அப்டேட்ட தள்ளிப் போட்டுட்டே இருக்க முடியாது. சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு பிரஸ்ல காவடி போஸ்டர், கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைன்னு பல வருஷ ஃபைல் சேத்து வெச்சிருக்காங்க, பழைய தமிழ் ஃபான்ட் சிலது டைப் 1 வகை. 2023 ஜனவரில அடோபி டைப் 1 சப்போர்ட்ட எடுத்துடுச்சு. அந்த வருஷம் தைப்பூசத்துக்கு முன்னாடி பிரஸ் அங்கிள் போன வருஷத்து ஃபைல தொறந்தா முருகன் படம் அப்படியே இருக்கு, எழுத்து இருந்த எடத்துல எல்லாம் பிங்க் கலர்ல பட்ட பட்டயா கெடக்கு, "தம்பி, சாமிக்கு பேரே இல்லயேப்பா"ன்னு போன் பண்றார். மூலைல தூசி புடிச்சுக் கெடந்த பழைய பிசில சிஎஸ்6 இருந்துச்சு, அதுலதான் தொறந்து வேலைய முடிச்சாங்க. அந்த பிசிக்கு இப்ப தனி யுபிஎஸ்.

உடனே சொந்தமா வாங்குனதுதான் சாஸ்வதம்னு நெனச்சுடாதீங்க. சிஎஸ்2, சிஎஸ்3 எல்லாம் ஆக்டிவேஷன் சர்வர நிறுத்தினதோட புதுக் கம்ப்யூட்டர்ல போட முடியாம போச்சு (சிஎஸ்2-க்கு ஆக்டிவேஷன் கேக்காத ஒரு காப்பிய அவங்களே குடுத்தாங்க), மேக்ல 2019-ல வந்த கேட்டலினா ஆபரேட்டிங் சிஸ்டத்துல இருந்து சிஎஸ்6-ஏ ஓடாது. ஆயுள் லைசன்ஸ்னா அந்தக் கம்ப்யூட்டரோட ஆயுள், அவ்வளவுதான்.

ஆட்டோடெஸ்க் கதை வேற. ஒரே வெட்டுக்கு தைரியம் இல்லயோ என்னவோ, 2016 ஜனவரியோட தனி சாஃப்ட்வேருக்கு புது ஆயுள் லைசன்ஸ் விக்கறத நிறுத்துச்சு, ஜூலையோட பல சாஃப்ட்வேர் சேந்த சூட்டும் போச்சு. ஏற்கனவே வாங்கி புது வெர்ஷனுக்கும் சப்போர்ட்டுக்கும் வருஷா வருஷம் மெயின்டனன்ஸ் கட்டிட்டு இருந்தவங்கள தொடல, ஆனா அந்த மெயின்டனன்ஸ் கட்டணத்த 2017-ல 5 சதவீதம், 2018-ல 10, 2019-ல 20-ன்னு ஏத்திக்கிட்டே வந்து, சந்தாவுக்கு மாறினா தள்ளுபடின்னு பக்கத்துல ஒரு கதவ தொறந்து வெச்சாங்க. கடைசில 2021-ல மெயின்டனன்ஸே இல்ல. இதுல கம்பெனியும் நல்லா அடி வாங்குச்சு, 250 கோடி டாலர் வருமானம் ரெண்டு வருஷத்துல 206 கோடிக்கு வந்து, ஒரு வருஷம் 56 கோடிக்கு மேல நஷ்டம், 2017 நவம்பர்ல 1,150 பேர வீட்டுக்கு அனுப்பினாங்க. அடோபி சீக்கிரமா முழுங்குன மீன இவங்க தொண்டைல வெச்சுக்கிட்டே இருந்தாங்க.

ஆனா என் ஆபீஸுங்களுக்கு வலிச்சது விலை ஏத்தம் கூட இல்ல, 2020-ல வந்த ஆளுக்கு ஒரு லைசன்ஸ்ங்கற மாத்தம்தான். அதுக்கு முன்னாடி நெட்வொர்க் லைசன்ஸ் மூணு இருந்தா ஆறு பேரு மாத்தி மாத்தி போட்டுக்கலாம், காலைல சைட்டுக்குப் போறவன் மத்தியானம் வரைவான். அத எடுத்துட்டு ஒண்ணு குடுத்தா ரெண்டுன்னு பண்டமாத்து பண்ணாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அடுத்தடுத்த ரின்யூவல்ல ஆறு பேருக்கும் காசு. பழைய ஆயுள் லைசன்ஸ பத்திரமா வெச்சிருந்தவங்களுக்கு அந்தப் பழைய ஆட்டோகேட் மட்டும் மிஞ்சுச்சு, சந்தாவுக்கு மாத்திக் குடுத்தவங்களுக்கு அதுவும் இல்ல. வாங்கறவன் கண்ணுல நாலுலயே மோசமான வழி இதுதான்னு நான் சொல்வேன், ஏன்னா அடோபி மாதிரி "இவ்வளவுதான், இஷ்டம்னா இரு"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லாம, சலுகைங்கற பேர்ல இருந்ததயும் திருப்பி வாங்கிட்டாங்க.

மைக்ரோசாஃப்ட் 2011 ஜூன்ல ஆபீஸ் 365-ஐ விட்டுச்சு, ஆனா பெட்டி ஆபீஸ நிறுத்தவே இல்ல, 2013, 2016, 2019, 2021, இப்ப 2024 வரைக்கும் ஒரே தடவ காசு கட்டி வாங்கலாம். தள்ளல, இழுத்துச்சு. சந்தால இருந்தா ஒன்டிரைவ் இடம், அஞ்சு மெஷின்ல போட்டுக்கலாம், புதுசு புதுசா வரும். பெட்டில வாங்கினா ஒரே பிசி, கோபைலட்ங்கற ஏஐ உதவியாள் கெடயாது, 2021 வெர்ஷன்ல இருந்து சப்போர்ட் அஞ்சு வருஷம்தான். ஆபீஸ் 2016, 2019 ரெண்டுக்கும் 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சுது, ஆனா ஓடறது நிக்கல. சந்தாவ நிறுத்தினாலும் ஃபைல தொறந்து படிக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம், எழுதத்தான் முடியாது. என் கேள்விக்கு நாலு பேர்ல உருப்படியான பதில் குடுக்கறது இவங்கதான். அதுக்காக நல்லவங்கன்னு சர்டிஃபிகேட் குடுக்க வேண்டாம், 2024 கடைசில கோபைலட்ட சேத்து வீட்டு பிளான் விலைய ஏத்திட்டு, ஏத்தாத பழைய பிளான் ஒண்ணு இருக்குன்னு கண்ணுல படாம வெச்சாங்கன்னு ஆஸ்திரேலியாவுல அரசாங்க அமைப்பு 2025-ல கேஸ் போட்டுச்சு. ரெண்டாவது கவுண்டர் தொறந்துதான் இருக்கு, விளக்கு மட்டும் போடறதில்ல.

எஸ்ஏபி பத்தி சுருக்கமா போதும், நம்மள மாதிரி சின்ன ஆபீஸுக்கு அது இல்ல, இங்க கரண்ட் குடுக்கற எஸ்காம் மாதிரி பெரிய எடங்களுக்கு. அவங்களோட பழைய சாஃப்ட்வேர் இசிசி-க்கு 2027 வரைக்கும்தான் சப்போர்ட், கூட காசு குடுத்தா 2030. 2020 அக்டோபர்ல கிளவுட்டுக்கு வேகமா போறதால லாபக் கணிப்ப கொறைக்கறோம்னு சொன்ன அன்னிக்கு ஒரே நாள்ல ஷேர் அஞ்சுல ஒரு பங்குக்கு மேல விழுந்துச்சு, 2021 ஜனவரில ரைஸ்ங்கற கிளவுட் சந்தா பேக்கேஜ் வந்துச்சு, 2023-ல ஏஐ மாதிரி புது விஷயம் எல்லாம் கிளவுட்ல இருக்கறவங்களுக்கு மட்டும்னு சொல்லிட்டாங்க. வருஷக்கணக்குல அவகாசம் குடுத்தது நியாயம்தான், ஆனா ஒரு கம்பெனியோட மொத்த நடப்பும் அதுலயே ஊறிப்போனப்புறம் அவகாசம் இருந்து எங்க ஓடறது.

இந்த நாலுலயும் சேராத ஒண்ணு நம்ம ஊர் கணக்கர்ங்க கையில இருக்கு. பாஸ்டல்ங்கற கணக்கு சாஃப்ட்வேர் தென்னாப்பிரிக்காவுல பொறந்தது, அத வெச்சிருந்த சாஃப்ட்லைன் கம்பெனிய 2003-ல சேஜ் வாங்கினப்ப கூட போச்சு. அது ஒரு பக்கம் பிரவுசர்ல ஓடற நிஜமான கிளவுட்டாவும், இன்னொரு பக்கம் பேர்ல கிளவுட் ஒட்டின டெஸ்க்டாப் சந்தாவாவும் வந்துச்சு. வாங்கும்போது எது எதுன்னு கேட்டுக்கங்க, ஏன்னா 2022 ஏப்ரல்ல டர்பன்ல வந்த வெள்ளத்துல ஆபீஸ் பிசி தண்ணில போனவங்கள்ல கணக்கு பிரவுசர்ல இருந்தவன் வேற லேப்டாப்ல லாகின் பண்ணிட்டான், மத்தவன் பேக்கப் டிஸ்க்கத் தேடிட்டு இருந்தான். சந்தா மாடல நான் திட்டறேன்னாலும் இந்த ஒரு விஷயத்துக்கு வாய மூடிக்கறேன்.

அமெரிக்காவுல எழுதற ஒப்பீடுங்கள்ல வராத ஒரு செலவு நமக்கு இருக்கு, ராண்ட். 2013 ஆரம்பத்துல ஒரு டாலர் சுமார் 9 ராண்ட், 2023 நடுவுல 19-ஐ தாண்டிடுச்சு. டாலர்ல வர்ற 50 டாலர் பில்லு கம்பெனி ஒரு சென்ட் ஏத்தாமயே 450-ல இருந்து 950 ராண்ட் ஆயிடும். மொத்தமா வாங்கினவன் அன்னிக்கு ரேட்டோட தப்பிச்சான், சந்தாக்காரன் மாசாமாசம் ரேட்டோட சூதாடறான். மேல 2014 ஜூன்ல இருந்து வெளிநாட்டு ஆன்லைன் சேவைக்கு வேட் வரி வேற, அப்ப 14, இப்ப 15 சதவீதம். நெட்டும் அப்படித்தான், மைக்ரோசாஃப்ட் 2019-ல ஜொகன்னஸ்பர்க்லயும் கேப் டவுன்லயும் டேட்டா சென்டர் தொறந்தும், 2024 மார்ச்ல மேற்கு ஆப்பிரிக்காவுக்கிட்ட கடலுக்கடில கேபிள் அறுந்தப்ப இங்க கிளவுட் தெணறுச்சு. இத்தனைக்கும் அமேசானோட கிளவுட் கம்ப்யூட்டர் சேவை ஈசி2 உருவானதே கேப் டவுன்லதான், 2006-ல வெளிய வந்துச்சு.

நான் இப்ப என்ன சொல்லிக் குடுக்கறேன்னா, கணக்குன்னா பிரவுசர் கிளவுட்டுக்குப் போங்க, ஆனா வருஷ முடிவுல முழு லெட்ஜரையும் எக்ஸெல்லயும் பிடிஎஃப்லயும் எறக்கி வெச்சுடுங்க, வரித்துறை சார்ஸ் அஞ்சு வருஷ ரெக்கார்ட் கேக்கும், கம்பெனி சட்டம் ஏழு வருஷம், அது வரைக்கும் சந்தா ஓடும்னு என்ன நிச்சயம். லெட்டர், கொட்டேஷன் மட்டும் அடிக்கற ரெண்டு பேர் ஆபீஸுக்கு பெட்டி ஆபீஸ் 2024 தாராளம். பிரஸ்காரங்களுக்கு இன்னிக்கு சந்தா தவிர வழியில்ல, இன்டிசைன்ல தமிழ் சேர்ற மாதிரி எல்லாத்துலயும் சேர்றதில்ல. அவங்க ஒவ்வொரு வேலை முடிஞ்சதும் பழைய இன்டிசைன்லயும் தொறக்கற ஐடிஎம்எல் ஃபைல் ஒண்ணு, எழுத்த எல்லாம் ஃபான்ட் தேவைப்படாத அவுட்லைனா மாத்தின பிடிஎஃப் ஒண்ணு சேவ் பண்ணிடணும். ஆட்டோகேட் ஆபீஸுங்க ரின்யூவலுக்கு முன்னாடி யார் யார் நெஜமா தெனமும் தொறக்கறாங்கன்னு பாத்துட்டு, மத்தவங்களுக்கு ஆட்டோகேட்டோட மலிவான வெர்ஷன் எல்டி போதுமான்னு யோசிச்சுட்டு, அதுக்கப்புறம் காச கட்டுங்க.